சிரிலோவை ஆஜர்படுத்திய நாள்

என் தம்பி சிரிலோவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனதும் அம்மா செய்த முதல் காரியம் கோழி பிடித்ததுதான். இருப்பதிலேயே கொழுத்ததாகப் பார்த்துப் பிடித்து, காலைக் கட்டித் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

“வா, டான் வென்செஸ்லாவ் வீட்டுக்குப் போவோம்.”

டான் வென்செஸ்லாவ் எங்கள் சான் ஹெர்வாசியோ ஊரின் கட்சித் தலைவர். டான் என்றால் ஐயா மாதிரி. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவரைக் கேட்காமல் எங்கள் ஊரில் ஒரு துரும்பு அசைந்ததில்லை. வாத்தியார் வேலையா, அவர். ஆஸ்பத்திரியில் கட்டிலா, அவர். ஆள் செத்தால் சவப்பெட்டிகூட அவர் வீட்டுக் கொட்டகையிலிருந்துதான் வரும். போலீஸ் யாரையாவது தூக்கினால் ஒரு கோழியோ பாலாடைக்கட்டியோ கொண்டுபோய்க் கொடுத்து அழ வேண்டும். அவர் ஒரு போன் போடுவார். பொழுது சாய்வதற்குள் ஆள் வீட்டுக்கு வந்துவிடுவான். இரண்டு பல் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

இதெல்லாம் ஜெனரல் ஆண்ட காலத்துக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். ஜெனரல் விமானம் ஏறி ஓடிப்போய், தேர்தல் வந்து, புது அரசியல் சட்டமும் வந்து பராகுவே முழுக்க வாணம் விட்டுக் கொண்டாடியாகிவிட்டது. டான் வென்செஸ்லாவ் மட்டும் அதே நாற்காலியில் அதே தொப்பையோடு உட்கார்ந்திருந்தார். பின்சுவரில் மாட்டியிருந்த ஜெனரல் படத்தை மட்டும் கழற்றிவிட்டார்.

“கோழியை விடும்மா,” என்றேன். “கோர்ட்டுக்குப் போறோம்.”

“கோர்ட்டா? அங்க நமக்கு யாரைத் தெரியும்?”

“யாரையும் தெரிய வேணாம். அதுக்குத்தான் கோர்ட்டு.”

“நல்லா இருக்குடி நீ சொல்ற கதை. நம்மளைத் தெரியாதவங்க நமக்கு எதுக்குச் செய்வாங்க?”

அந்தக் கேள்விக்குச் சிரிலோதான் பதில் சொல்லியிருப்பான். அவனுக்குப் புதுச் சட்டம் என்றால் உயிர். செய்தித்தாளோடு இனாமாக வந்த சட்டப் புத்தகத்தைப் பருத்திக்காட்டுக்குக் கொண்டு வருவான். நாங்கள் குனிந்து பஞ்சு பறித்துக்கொண்டிருக்கும்போது வரப்பில் நின்று, இத்தனையாவது பிரிவு, அத்தனையாவது பிரிவு என்று வாசிப்பான். “பிரிவு வந்து பஞ்சு பறிக்குமாடா?” என்று நான் கத்துவேன். சிரிப்பான். இருபத்து மூன்று வயது, மீசை இன்னும் ஒழுங்காக வரவில்லை. அவனைத் திட்டாமல் எனக்குப் பொழுது போகாது.

எங்கள் ஊர்க் காட்டில் மரம் வெட்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனாலும் லாரி லாரியாக மரம் போய்க்கொண்டுதான் இருந்தது, முன்னால் போலீஸ் ஜீப் வழிகாட்ட. ஒரு சாயங்காலம் சிரிலோவும் பக்கத்துப் பருத்திக்காட்டுக்காரர்களும் சாலைக்குக் குறுக்கே ஒரு கட்டையைப் போட்டு லாரியை நிறுத்திவிட்டார்கள். அடி இல்லை, உதை இல்லை. “அனுமதிச் சீட்டைக் காட்டுங்க” என்று மட்டும் கேட்டிருக்கிறான், கையில் அந்தப் புத்தகத்தோடு. டிரைவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் விடிந்ததும் இன்ஸ்பெக்டர் ஃப்ளெய்த்தாஸ் ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து எங்கள் வீட்டுக்கு வந்தான். சிரிலோ பல் துலக்கிக்கொண்டிருந்தான். வாயைக் கொப்பளிக்கக்கூட விடவில்லை.

அம்மாவை இழுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். கோழியை அவள் கீழே வைக்கவேயில்லை.

கோர்ட் என்றால் பெரிய கட்டடம் எல்லாம் இல்லை. மருந்துக்கடைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு, வாசலில் கொடி. நீதிபதி மிர்த்தா தலைநகர் அசுன்சியோனிலிருந்து வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. கட்சிச் சிபாரிசு இல்லாமல் பரீட்சை எழுதி வந்தவர், எங்கள் பக்கத்திலேயே அவர்தான் முதல் ஆள் என்று பேசிக்கொண்டார்கள். குறை சொல்லக் கூடாது, நல்ல மனுஷி. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். அம்மாவை உட்காரவைத்தார். அப்போதே ஆணை எழுதினார்: பிடித்து வைத்திருக்கும் சிரிலோ ஓவெலாரை ஒரு நாளுக்குள் இந்த நீதிமன்றத்தின் முன் நேரில் ஆஜர்படுத்த வேண்டும்.

“எங்களுக்கு வக்கீலு இல்லையேம்மா,” என்றேன்.

“வேணாம். ஸ்டாம்பு வேணாம், வக்கீல் வேணாம். இந்த மனுவை யார் வேணாலும் யாருக்காக வேணாலும் கொடுக்கலாம். சட்டம் அப்படித்தான் சொல்லுது.”

அம்மா எழுந்து கோழியை மேசைமேல் வைத்தாள். நீதிபதிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. “ஐயோ, அம்மா, இதெல்லாம் கூடாது, எடுத்துட்டுப் போங்க,” என்றார்.

வெளியே வந்ததும் அம்மா ஓவென்று அழுதாள். “கோழியை வாங்கலடி. அந்தம்மா ஒண்ணும் செய்யப்போறதில்ல.”

மறுநாள் நாங்கள் கோர்ட் வாசலிலேயே காத்துக் கிடந்தோம். கொடுத்த கெடு முடிந்தது. ஃப்ளெய்த்தாஸ் ஆளையும் அனுப்பவில்லை, பதிலும் அனுப்பவில்லை. நீதிபதி வெளியே வந்தார். அந்த வெயிலில் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

“அவங்க கொண்டு வரலைன்னா நானே போகணும்,” என்றார். “அவன் எங்க இருக்கானோ அங்கேயே விசாரிச்சு, அங்கேயே விடுதலை செய்யணும். சட்டத்துல இருக்கு. வாங்க.”

பொய் சொல்வானேன், அந்த நிமிஷம் நான் சிரிலோவின் புத்தகத்தை நம்பினேன். நீதிபதி, அவருடைய குமாஸ்தா, அம்மா, நான், நான்கு பேரும் செம்மண் தெருவில் நடந்தோம். சனங்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். நீதிபதி காவல் நிலையத்துக்கு நடந்து போவதை எங்கள் ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை.

காவல் நிலையத்துக்கு இடுப்பளவு மரக்கேட். திறந்தே கிடந்தது. நீதிபதி கேட்டுக்கு வெளியே நின்று இரண்டு கையையும் தட்டினார்.

எங்கள் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். கேட்டுக்கு வெளியே நின்று கை தட்ட வேண்டும். உள்ளேயிருந்து “வாங்க” என்று குரல் வந்தால்தான் காலை எடுத்து வைக்க வேண்டும். கதவு திறந்திருந்தாலும் சரி, உள்ளே இருப்பது கூடப்பிறந்தவன் என்றாலும் சரி. கேட்காமல் நுழைகிறவனைத் திருடன் என்போம், இல்லையென்றால் போலீஸ் என்போம்.

“உள்ள போங்கம்மா,” என்று அவர் காதருகே சொன்னேன். “திறந்துதானே கிடக்கு.”

“இரு. கூப்பிடுவாங்க.”

ஒரு போலீஸ்காரன் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு மறைந்தான். நாங்கள் நின்றோம். அம்மா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். நீதிபதி மறுபடியும் தட்டினார். நாசமாய்ப் போக அந்தக் கைத்தட்டல். நாட்டின் பெரிய சட்டத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, விருந்துக்கு வந்தவர்போல நின்றுகொண்டிருந்தார்.

கடைசியில் ஃப்ளெய்த்தாஸ் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். முகமெல்லாம் பல்.

“அடடா, நீதிபதியம்மாவா? சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே. இந்த வெயில்ல இப்படியா? டேய், நாற்காலி கொண்டு வாங்கடா.”

மாமரத்தடியில் நாற்காலி வந்தது. ஐஸ் மிதக்கும் தண்ணீர்க் குடுவை வந்தது, கொம்புக் குவளை வந்தது, அதில் யெர்பா இலைத்தூளும் உலோக உறிஞ்சுகுழலும். தெரெரே, எங்கள் நாட்டுக் குளிர்ந்த இலைச்சாறு. ஒரு போலீஸ்காரன் மூலிகையை இடித்துத் தண்ணீரில் போட்டு, குவளையை நிரப்பி முதலில் நீதிபதியிடம் நீட்டினான்.

தெரெரேயை வேண்டாம் என்று சொல்வது எங்கள் நாட்டில் ஆளை முகத்தில் அறைவதற்குச் சமம். ஒரே குவளைதான் எல்லோருக்கும். ஒருவர் உறிஞ்சி முடித்துத் திருப்பிக் கொடுத்தால் மறுபடி நிரப்பி அடுத்தவருக்குப் போகும். போதும் என்றால் “நன்றி” சொல்ல வேண்டும். பாதிக் குவளையோடு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

நீதிபதி வாங்கிக் குடித்தார்.

“இன்ஸ்பெக்டர், சிரிலோ ஓவெலார் விஷயமா நான் அனுப்பின ஆணை…”

“பேசலாம்மா, பேசலாம். முதல் சுத்துலயே வேலையைப் பத்திப் பேசுறது இந்தப் பக்கத்துல வழக்கமில்ல. அசுன்சியோன்ல எப்படியோ.”

நீதிபதிக்கு மறுபடி முகம் சிவந்தது. பட்டணத்துக்காரி, தலைக்கனம் பிடித்தவள் என்று ஊர் சொல்லிவிடுமோ என்று அவருக்குப் பயம். வந்ததிலிருந்தே அந்தப் பயம் உண்டு. ஃப்ளெய்த்தாஸ் அதைச் சரியாக மோப்பம் பிடித்துவிட்டான். அவருடைய அப்பா எந்த ஊர் என்று கேட்டான். அம்மாவழிச் சொந்தம் யார் என்று கேட்டான். அட, அந்தக் குடும்பமா, எனக்கும் தூரத்துச் சொந்தம்தான் என்றான். குவளை குமாஸ்தாவிடம் போனது. பிறகு அம்மாவிடம். அம்மா அந்தப் போலீஸ்காரப் பாவியின் கையிலிருந்து அதை வாங்கி, குனிந்து, கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினாள்.

என்னிடம் வந்தபோது நான் கையை நீட்டவில்லை. அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

“குடிடி. மரியாதை இல்லையா உனக்கு?”

“எனக்குத் தாகமில்ல.”

“பாப்பாவுக்குக் கோபம் போல,” என்று ஃப்ளெய்த்தாஸ் சிரித்தான். “இப்படி இருந்தா மாப்பிள்ளை எப்படிக் கிடைப்பான்?”

குமாஸ்தாவும் சிரித்தான். அவன் பல்லை உடைக்க வேண்டும்போல் இருந்தது.

அப்போதுதான் கட்டடத்துக்குப் பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. வாளி வாளியாகக் கொட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு வண்டி உறுமிக் கிளம்பியது. நான் எழுந்துவிட்டேன்.

“பின்னாடி வண்டி போகுது.”

“சமையலுக்கு மரவள்ளி வாங்கப் போறான், பாப்பா. உக்காரு.”

“நீதிபதியம்மா, பின்னாடி வண்டி போகுது. கேக்குதா?”

அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். “நிமியா, உக்காருடி. வந்த காரியத்தைக் கெடுக்காத.”

நீதிபதி என்னைப் பார்த்தார். அவர் கையில் இரண்டாவது சுற்றுக் குவளை நிறைய இருந்தது. அவருக்கும் சத்தம் கேட்டது, முகம் மாறியதிலேயே தெரிந்தது. எழுந்து ஓடியிருக்கலாம். குவளையைத் தரையில் வீசியிருக்கலாம். அவர் உறிஞ்சினார், வேக வேகமாக, கன்னம் குழிய. முடித்தார். குவளையைத் திருப்பிக் கொடுத்தார். “நன்றி,” என்றார். அதற்குப் பிறகுதான் எழுந்தார்.

உள்ளே இரண்டு அறை. ஒன்றில் கிழட்டுக் குடிகாரன் ஒருவன் சுவரோரம் சுருண்டு கிடந்தான். இன்னொன்று காலி. தரை ஈரம், பினாயில் நெடி மூக்கைத் துளைத்தது.

“சிரிலோ எங்கே?” என்றார் நீதிபதி.

“அந்தப் பையனா? காலையிலயே விட்டுட்டோமே. வீட்டுக்கு வரலையா?” என்று ஃப்ளெய்த்தாஸ் அம்மாவைப் பார்த்துக் கேட்டான், அக்கறையாக.

“இதை ஏன் நான் வந்ததுமே சொல்லல?”

“நீங்க எங்கம்மா கேட்டீங்க? தெரெரேதானே குடிச்சிட்டிருந்தோம்.”

குடிகாரன் கம்பிக்குப் பின்னாலிருந்து தலையைத் தூக்கினான். “பொய்,” என்றான். “இப்பதான் தூக்கிட்டுப் போனாங்க. நடக்க முடியல அவனால. அம்மா அம்மான்னு முனகிக்கிட்டே போனான்.”

“குடிகாரன் பேச்சு,” என்றான் ஃப்ளெய்த்தாஸ்.

அம்மா காலி அறைக்குள் நுழைந்தாள். ஈரத்தரையில் உட்கார்ந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். நான் பின்வாசலுக்கு ஓடினேன், நீதிபதியும் ஓடிவந்தார். செம்மண்ணில் சக்கரத் தடம் மட்டும் இருந்தது. அவரிடம் கார் இல்லை, கோர்ட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிள்கூட இல்லை. நாங்கள் மாமரத்தடியில் குளிரக் குளிரக் குடித்துக்கொண்டிருந்தபோது சிரிலோ சுவருக்கு அந்தப் பக்கம் உயிரோடு இருந்திருக்கிறான். எங்கள் குரல்கூட அவனுக்குக் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு நீதிபதி தூங்கவில்லை என்று சொன்னார்கள். தலைநகரத்துக்குப் போன் மேல் போன் போட்டார். எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினார். பழைய ஆணையையே இன்னும் கடுமையாக எழுதினார்: சிரிலோ ஓவெலாரை உடனே, நேரில், இந்த நீதிமன்றத்தின் முன் ஆஜர்படுத்த வேண்டும். ஒரு பத்திரிகை அவருடைய படத்தைப் போட்டு, காவல் நிலையத்துக்குள் துணிந்து நுழைந்த நீதிபதி, ஜனநாயகத்தின் புது முகம் என்று எழுதியது. நான் சீபா ரொட்டி விற்கும் பஸ் நிறுத்தத்தில் அந்தப் பக்கத்தை ஒருவன் எனக்கே வாசித்துக் காட்டினான்.

மீன் பிடிக்கிறவர்கள்தான் சிரிலோவைக் கண்டுபிடித்தார்கள், பாலத்துக்குக் கீழே கோரைப்புல்லில். கை பின்னால் கட்டியிருந்தது. டாக்டர், ஆற்றில் மூழ்கிச் செத்தான் என்று எழுதிக் கொடுத்தார். கட்டிய கையோடு நீச்சலடிக்கப் போனானா என்று கேட்டேன்.

அவனைக் குளிப்பாட்டிக் கட்டிலில் கிடத்தியிருந்தபோது டான் வென்செஸ்லாவ் வந்தார். வண்டியின் பின்னால் பளபளவென்று வார்னிஷ் அடித்த சவப்பெட்டி. கேட்டுக்கு வெளியே நின்று கை தட்டினார், அம்மா “வாங்க” என்றதும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார்.

“கட்சி சார்புல கொண்டு வந்திருக்கேன், தாயி. நம்ம புள்ள.” கொஞ்ச நேரம் சிரிலோவைப் பார்த்தார். “ஏன் தாயி என்கிட்ட வரல நீங்க? ஒரே ஒரு போன். அன்னைக்குச் சாயங்காலமே வீட்டுக்கு வந்திருப்பானே.”

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையை நான் யாரிடம் போய்ச் சொல்ல? அவர் சொன்னது பொய்யில்லை, அதுதான் கொடுமை. கோழியைக் கொடுத்திருந்தால் என் தம்பி பிழைத்திருப்பான். இரண்டு பல் போயிருக்கும். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஃப்ளெய்த்தாஸை இந்த ஊருக்குக் கொண்டு வந்தது யாருடைய போன்? லாரி முன்னால் ஜீப் போகச் சொன்னது யாருடைய போன்? கடிக்க விட்டவனிடமே போய், நாயைப் பிடியுங்கள் ஐயா என்று கோழியோடு கெஞ்ச வேண்டுமா? இதையெல்லாம் அவர் முகத்துக்கு நேரே கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா பேசினாள்.

“பெட்டியைக் கொண்டு போயிடுங்க, டான்.”

“என்ன தாயி?”

“கொண்டு போயிடுங்க. என் புள்ளைக்கு இன்னும் கோர்ட்டு வேலை முடியல.”

அவருக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அம்மா பக்கத்துக் காட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, பஞ்சுக் கொட்டகைப் பலகையைப் பிரித்துப் பெட்டி அடிக்கச் சொன்னாள். லாரியை மறித்தபோது சிரிலோவோடு நின்றவர்கள் அவர்கள். ஆளுக்கொரு பக்கம் ஆணி அடித்தார்கள். அடித்து முடித்ததும் அவனை உள்ளே வைத்து, கல்லறைப் பக்கம் போகாமல் கோர்ட் பக்கம் நடக்கச் சொன்னாள்.

நீதிபதி மேசையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பெட்டி உள்ளே வந்ததும் பேனா அவர் கையிலிருந்து விழுந்தது. மேசைக்கும் சுவருக்கும் நடுவே இடம் குறுகல், பெட்டியைக் கொஞ்சம் சாய்த்துத்தான் கீழே வைக்க முடிந்தது. மூடியை எடுக்கச் சொன்னாள் அம்மா. எடுத்தார்கள்.

“நீங்கதானேம்மா எழுதினீங்க, இவனை உங்க முன்னாடி கொண்டு வரணும்னு,” என்றாள் அம்மா. “அவங்க கொண்டு வரல. நான் கொண்டு வந்திருக்கேன்.”

குமாஸ்தா எழுந்து, “அம்மா, ஆள் உயிரோட இல்லைன்னா இந்த மனுவே செல்லாது, வேற வழக்குத்தான்…” என்று ஆரம்பித்தான்.

“சும்மா இருங்க,” என்றார் நீதிபதி. எழுந்து நின்றார். சிரிலோவின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். தண்ணீரில் கிடந்த முகம், பார்க்க முடியாது. அவர் பார்த்தார். “எழுதுங்க. சிரிலோ ஓவெலார், ஆஜர்.”

குமாஸ்தா எழுதினான்.

“அடுத்து என்ன?” என்றாள் அம்மா.

“அடுத்து…” நீதிபதி தன் ஆணையை எடுத்துப் பார்த்தார். “இவனைப் பிடிச்சு வைக்கக் காரணம் இருந்ததான்னு நான் பாக்கணும்.”

“இருந்ததா?”

“இல்லம்மா.”

“காரணம் இல்லைன்னா?”

“உடனே விடுதலை செய்யணும்.”

“செய்யுங்க.”

நீதிபதி உட்காரவில்லை. நின்றபடியே ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். சட்டப் பிரிவைச் சொன்னார், இன்ஸ்பெக்டரின் பெயரைச் சொன்னார், இவனைப் பிடித்தது சட்டவிரோதம் என்று சொன்னார், இந்தக் கணத்திலிருந்து இவன் சுதந்திர மனிதன் என்று சொன்னார். அழுதுகொண்டேதான் சொன்னார், நிறுத்தவில்லை. கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். முறைப்படி அதைக் குமாஸ்தா உரக்க வாசித்தான். நாங்கள் வீட்டில் பேசாத ஸ்பானிய மொழியில் இருந்ததால் அம்மாவுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.

“முடிஞ்சுதா?” என்று என்னிடம் கேட்டாள்.

“முடிஞ்சுதும்மா.”

குனிந்து சிரிலோவின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். மூடியை வைக்கச் சொன்னாள். பிறகு சுவரோரம் தொப்பியைக் கையில் பிடித்து நின்றுகொண்டிருந்த ஆண்களைத் திரும்பிப் பார்த்தாள்.

“தூக்குங்கப்பா,” என்றாள். “விட்டுட்டாங்க.”